பிக்கப் வண்டி ஏன் சொன்ன மைலேஜ் தருவதில்லை? தோவாளை – வலியசாலை வழியில் ஒரு டீசல் கணக்கு

"வண்டி எவ்ளோ குடுக்கும்?"

பிக்கப் வாங்கப் போகிற யாரும் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. குடும்பக் கடைக்கோ, நண்பர்களோடு தொடங்கிய சின்ன பிசினஸுக்கோ ஒரு லோடு வண்டி எடுக்கலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், அது ஒரு நல்ல காரணம். பத்து லட்ச ரூபாய் வண்டி என்றால் வரிக்குறைப்பில் ஏறக்குறைய 78 ஆயிரம் மிச்சம்.

ஆனால் அந்த 78 ஆயிரத்தை ஒன்றரை வருடத்தில் டீசலாகவே எரித்துவிட முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கணக்கு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு நிஜமான வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை பூச்சந்தையில் இருந்து திருவனந்தபுரம் வலியசாலைக்கு. காந்தளூர் மகாதேவர் கோயிலும் பழைய அக்ரஹாரத் தெருக்களும் இருக்கிற, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. பக்கத்திலேயே சாலை பஜார். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சந்தை, இன்றும் பூவுக்கும் காய்கறிக்கும் தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் தோவாளையும் வலியசாலையும் ஒரே மாநிலத்தில் இருந்தன. எல்லை பிறகு வந்தது; சரக்கு பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு பக்கம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். போய்வர 160. வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 48,000 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 14 கி.மீ. கிடைக்கிற வண்டி, ஓட்டும் விதத்தால் 12 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டுதானே" என்று தோன்றும். வருடத்துக்கு 570 லிட்டருக்கு மேல் வித்தியாசம். டீசல் லிட்டர் 94 ரூபாய் என்று கணக்குப் போட்டால் சுமார் 53,700 ரூபாய். ஒன்றரை வருடத்தில் ஜிஎஸ்டி மிச்சம் காலி.

கம்பெனி சொல்லும் எண் பொய்யா?

பொய் இல்லை. அந்த எண் வேறொரு பயணத்துக்கான விடை.

புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். எப்போது எவ்வளவு வேகம், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி நடக்கும். 'எம்ஐடிசி' என்று இதற்குப் பெயர். பழைய ஐரோப்பிய முறையை இந்தியாவுக்காகக் கொஞ்சம் மாற்றியது. மொத்தம் 20 நிமிடத்துக்கும் குறைவு. அதிகபட்ச வேகம் 90 கி.மீ. நகரப் பகுதியைப் போலச் செய்யும் பாகத்தில், நின்ற நிலையில் இருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 வினாடி எடுத்துக்கொள்கிறார்கள்.

26 வினாடி! கரமனை சிக்னலில் பச்சை விழுந்ததும் இப்படிக் கிளம்பிப் பாருங்கள், பின்னால் வரும் ஹார்ன் சத்தம் கிள்ளிப்பாலம் வரைக்கும் கேட்கும்.

பிக்கப்புக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சோதனையில் முழு லோடு ஏற்றுவதில்லை. பெரும்பாலும் காலியாக இருக்கும் வண்டியின் எடை, அதோடு ஓட்டுநருக்காகக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். காருக்கு இது ஓரளவு பொருந்தும். லோடு ஏற்றுவதற்காகவே பிறந்த வண்டிக்கு? மஹிந்திராவின் பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையில் 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை ஏற்றும் மாடல்கள் இருக்கின்றன. தன் எடைக்கு நெருக்கமான சுமையை முதுகில் வைத்துக்கொண்டு ஓடும் வண்டியின் மைலேஜை, சுமை இல்லாத சோதனை சொல்ல முடியாது.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் இல்லை. ஐரோப்பா 2017-இல் 'டபிள்யூஎல்டிபி' என்ற கடுமையான சோதனைக்கு மாறியது. பிறகு கார்களுக்குள் இருக்கும் கருவிகளில் இருந்தே நிஜ எரிபொருள் செலவைத் திரட்டிப் பார்த்தார்கள். அப்படியும் பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிட சுமார் 20 சதவீதம் அதிகமாகக் குடிக்கின்றன என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் சொன்னது. அமெரிக்காவில் 2008 மாடல்களில் இருந்து, வேகமான ஓட்டம், ஏ.சி., குளிர் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணைத்தான் ஸ்டிக்கரில் ஒட்டுகிறார்கள்.

இ20 பற்றி ஒரு வரி. பெட்ரோல் மினி டிரக் வைத்திருப்பவர்கள் மைலேஜ் குறைந்தால் முதலில் எத்தனாலைத்தான் திட்டுகிறார்கள். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பது உண்மை. இ20-க்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் சொன்னது. டீசல் பிக்கப்புக்கு இந்தச் சாக்கும் கிடையாது.

ஒரு பிரேக்குக்கு எவ்வளவு டீசல்?

தோவாளையில் இருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை. இந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும், கால் மணி நேரம் தொடர்ந்து ஒரே வேகத்தில் ஓட்டுவது அபூர்வம். ஜங்ஷன், பஸ் நிறுத்தம், பள்ளி, குறுக்கே வரும் ஆட்டோ என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கேரளப் பக்கம் கரமனையில் இருந்து அகலமான பகுதி முடிந்ததும் பாலராமபுரத்தில் சாலை சட்டென்று ஒடுங்கும்.

இங்கேதான் மைலேஜின் பெரும்பகுதி போகிறது. கணக்கு ரொம்ப எளிது, பள்ளிக்கூட இயற்பியல்தான். வண்டி 1.7 டன், லோடு 1.3 டன், மொத்தம் 3 டன். 50 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 290 கிலோ ஜூல். பிரேக்கை அழுத்தி முழுசாக நிறுத்தினால் அவ்வளவும் பிரேக்கில் சூடாகி, காற்றோடு போய்விடும். மறுபடி அதே வேகத்துக்கு வர டீசல்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சுமார் 36 மெகா ஜூலில், சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 30 சதவீதம் என்று வைத்தால், ஒருமுறை நின்று கிளம்ப சுமார் 27 மில்லி டீசல் செலவாகிறது.

இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. காசாகச் சொன்னால் இரண்டரை ரூபாய். 60 முறை இப்படி நின்று கிளம்பினால் 1.6 லிட்டர், 150 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இரண்டு ஜங்ஷனுக்கு நடுவில் 50-க்குப் பதில் 60 வரை இழுத்துவிட்டுப் பிரேக் போட்டால் அந்த 27 மில்லி 39 ஆகிவிடும். 40-லேயே விட்டுவிட்டால் 17. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்து, கியரிலேயே உருட்டிக்கொண்டு போய், 30-இல் இருக்கும்போது பச்சை விழுந்துவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். வண்டி போய்ச் சேரும் நேரத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் அடுத்த சிக்னல் எப்படியும் நிறுத்தத்தான் போகிறது.

அமெரிக்க எரிசக்தித் துறையும் இதையேதான் சொல்கிறது. ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து ஓட்டினால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் மைலேஜ் குறையும். நாம் மேலே போட்ட 14-க்கும் 12-க்குமான வித்தியாசம் இந்த வரம்பின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது.

திறந்த சாலையில் எதிரி மாறுகிறது. 60-இல் இருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 78 சதவீதம் கூடும். டயர் உருள்வதற்கு ஆகும் செலவு அந்த அளவுக்கு ஏறாது என்பதால் மொத்த டீசல் செலவு 25 – 30 சதவீதம் கூடலாம். பூ மூட்டையைக் கேபினுக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டி அது படபடவென்று அடித்துக்கொண்டே வந்தால் இன்னும் மோசம். நமது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமான பிசிஆர்ஏ வருடக்கணக்காகச் சொல்லிவரும் வேகம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

களியக்காவிளையில் டேங்க் நிரப்பினால் லாபமா?

இந்த வழியில் ஓட்டுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. கேரளாவுக்குள் நுழைவதற்கு முன்னால் தமிழ்நாட்டுப் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொள்வது. கேரளாவில் வரி அதிகம். அதற்கு மேல் 2023 ஏப்ரல் முதல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் சேர்ந்தது.

தப்பில்லை, நிரப்புங்கள். லிட்டருக்கு 3 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், ஒரு டிரிப்புக்கு 12 லிட்டருக்கு 36 ரூபாய். அதே டிரிப்பில் 14-க்குப் பதில் 12 கி.மீ. கிடைத்தால் போவது 1.9 லிட்டர், கிட்டத்தட்ட 180 ரூபாய். பங்க்கில் மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்கு. ஆனால் பங்க்கில் உள்ள விலைப் பலகை கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக்கில் போகும் டீசல் தெரிவதில்லை. அதனால்தான் முதலாவதைப் பற்றி டீக்கடையில் பேசுகிறோம்.

நியூட்ரலில் உருட்டினால் மிச்சமா?

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது இன்னும் பலர் நம்பும் டெக்னிக். பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய இன்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்க வேண்டும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை. 3 டன் வண்டியில் இதைச் செய்வது பைத்தியக்காரத்தனம்.

பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும் என்பதும் இதே ரகம். கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகி, மேலே போகும் காற்று அதன் மீது வழுக்கிக்கொண்டு போய்விடும். திறந்தால் பெரும்பாலும் நஷ்டம்தான்.

டயர் காற்று மட்டும் உண்மையிலேயே கைக்கு எட்டும் விஷயம். வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள், காலி வண்டிக்கு ஓர் அழுத்தம், லோடுக்கு இன்னொன்று இருக்கும். காலி வண்டிக்கான காற்றோடு லோடு ஏற்றினால் மைலேஜும் போகும், டயரும் போகும்.

உண்மையில் எதை அளக்க வேண்டும்?

'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்பது காருக்கான கேள்வி. லோடு வண்டிக்கு 'ஒரு லிட்டரில் எத்தனை டன்னை எத்தனை கிலோமீட்டர் கொண்டுபோனேன்' என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாடெங்கும் 'குட்டியானை' என்றே பெயர் வாங்கிவிட்ட டாடா ஏஸ் போன்ற மினி டிரக்கை எடுங்கள். 750 கிலோ ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 18 தருகிறது என்று வைத்தால், ஒரு லிட்டருக்கு 13.5 டன்-கிலோமீட்டர். ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் 13-தான் தருகிறது என்றாலும் 19.5 டன்-கிலோமீட்டர். மைலேஜ் குறைவான வண்டி ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்த டீசலில் வேலையை முடிக்கிறது. ஆனால் உங்களிடம் தினமும் 600 கிலோ சரக்குதான் இருக்கிறது என்றால் கதை தலைகீழ். மூட்டை பெரிதாகத் தெரிந்தாலும் பூ எடை குறைவு. வாழைத்தாரும் வெங்காயமும் அப்படி இல்லை. எந்தச் சரக்கு என்று சொல்லாமல் "இந்த வண்டி எவ்ளோ குடுக்கும்" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

இதோடு திரும்பி வரும் காலிப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் காலியாகத் திரும்பும் டீசலும் அந்தப் பூவின் கணக்கில்தான் ஏறுகிறது. திரும்பும்போது வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது சரக்கு கிடைத்தால், ஓட்டுநரின் காலைத் திருத்திக் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கலாம். "அப்போ எப்பவும் அளவுக்கு மேல ஏத்தலாமே" என்று நினைக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

அளக்கும் முறை பழையதுதான்: டேங்க் டு டேங்க். அதே பங்க், அதே அளவு நிரப்பு, ஓடோமீட்டர் எண், அன்றைய லோடு. ஒரு டிரிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதம் எழுதுங்கள். டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பாமல் பங்க் பில்லை நம்புங்கள்.

இது யாருடைய பழக்கம்?

இவ்வளவு சொன்ன பிறகு "அப்போ தப்பு டிரைவர் மேலதான்" என்று முடிப்பது சுலபம். பல நிறுவனங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. இப்போது பிக்கப்பிலேயே இணைய இணைப்பு வந்துவிட்டது. மஹிந்திராவுக்கு ஐமேக்ஸ், டாடாவுக்கு ஃப்ளீட் எட்ஜ் என்று செயலிகள் இருக்கின்றன. முதலாளி வீட்டில் உட்கார்ந்தபடியே வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடித்தது என்றெல்லாம் பார்க்கலாம்.

செயலி காட்டாத ஒன்று இருக்கிறது. பூவின் விலை நேரத்தோடு ஓடுகிறது. விடிவதற்குள் சந்தைக்கு வந்த மல்லிகைக்கு ஒரு விலை, கடைகள் வாங்கி முடித்த பிறகு வந்ததற்கு வேறு விலை. தோவாளையில் ஏலம் முடிந்து மூட்டை கட்ட 20 நிமிடம் தாமதமானால், அந்த 20 நிமிடத்தைச் சாலையில் பிடிக்கச் சொல்லி ஓட்டுநருக்குத்தான் போன் வரும். ஓணம் வாரத்தில் கேட்கவே வேண்டாம். அவர் 80-இல் ஓட்டுகிறார் என்றால் அது அவருடைய குணம் மட்டும் இல்லை. யாரோ கொடுத்த கெடுவும் சேர்ந்ததுதான்.

காசு எப்படிக் கைமாறுகிறது என்பதையும் பாருங்கள். டீசல் முதலாளியுடையது, ஓட்டுநருக்கு டிரிப்புக்கு இவ்வளவு, அதோடு பேட்டா. இந்த ஏற்பாட்டில் சீக்கிரம் முடித்து இன்னொரு டிரிப் அடிப்பதில்தான் ஓட்டுநருக்கு லாபம். மிச்சமாகும் ஒரு லிட்டரில் அவருக்கு ஒரு பைசா கிடையாது. சொந்த வண்டி ஓட்டுபவருக்கு டீசல் அவர் பாக்கெட்டில் இருந்து போகிறது. ஆனால் வாடகை பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்கு அவர் காசு கேட்டால் "அடுத்த வண்டியைக் கூப்பிடுறேன்" என்ற பதில்தான் வரும். சாமான் மாற்றவோ கடைக்குச் சரக்கு இறக்கவோ ஆப்பில் மினி டிரக் புக் செய்துவிட்டு, "அண்ணா, எங்க இருக்கீங்க? சீக்கிரம் வாங்க" என்று மூன்று முறை போன் போட்டிருந்தால், அந்தக் கெடுவில் உங்களுக்கும் பங்கு உண்டு.

சிக்கனமாக ஓட்டப் பயிற்சி கொடுத்தால் முதல் சில வாரங்கள் பலன் தெரியும், பிறகு பழைய பழக்கம் திரும்பிவிடும். தொடர்ந்து எண்களைக் காட்டி, அதில் ஓட்டுநருக்கும் பங்கு கொடுக்கும்போதுதான் அது நிற்கிறது. வண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் மாதம் யாரையும் எதுவும் சொல்லாமல் எழுதுங்கள். அந்த வழியில் அந்த லோடுக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்த பிறகு, அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு லிட்டரிலும் பாதிக் காசு ஓட்டுநருக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 53,700 ரூபாய் வித்தியாசத்தில் பாதி என்பது மாதம் 2,200 ரூபாய்க்கு மேல். அது அவருக்குச் சின்னத் தொகை இல்லை, உங்களுக்கு நஷ்டமும் இல்லை. வேறு வழியில் ஓடும் வண்டியோடு மட்டும் அவரை ஒப்பிடாதீர்கள். பாலராமபுரம் வழியாக வருகிறவரையும், பைபாஸில் வருகிறவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கடைசியாக, காத்திருப்பு. வலியசாலை, சாலை பஜார் பகுதித் தெருக்கள் குறுகல். முன்னால் ஒரு வண்டி இறக்கிக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவர் இன்ஜினை அணைக்காமல் இஞ்சு இஞ்சாக நகர்வார். இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினாலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். தினம் 40 நிமிடம் என்றால் வருடத்துக்குக் குறைந்தது 100 லிட்டர். இதுபோக, பிஎஸ்6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இந்த மாதிரி ஓட்டத்தில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்; அதைச் சுட்டுச் சுத்தம் செய்யவும் வண்டி டீசலைத்தான் எரிக்கிறது. இங்கே ஓட்டுநர் செய்யக்கூடியது சாவியைத் திருப்புவது மட்டும். சரக்கு வாங்குகிறவர், இறக்கும் ஆட்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முந்தின நாள் ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டால், வண்டி தோவாளையிலேயே அரைமணி நேரம் இன்ஜினை அணைத்துவிட்டு நின்று கிளம்பலாம்.